நாற்பது விநாடியில் ஆறு கட்டில்

"அண்ணா, கதவு தாங்காதுண்ணா!"

"கதவை விடு. நான் தாங்குவேனான்னு கேளு முதல்ல!"

பட்டாசு முதுகைக் கதவில் ஒட்டி, இரண்டு கால்களையும் எதிரிலிருந்த இரும்பு அலமாரியில் ஊன்றி, கிட்டத்தட்ட அந்தரத்தில் படுத்திருந்தான். வெளியே இருந்து விழுந்த ஒவ்வொரு அடிக்கும் அவன் பல் கிட்டித்தது. சலைன் பாட்டில் தொங்கவிடும் கம்பியால் அடிக்கிறார்கள். மரக்கதவின் நடுவில் ஏற்கெனவே ஒரு விரிசல்.

"எங்க ஐயாவைக் கொன்னுட்டு உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டியா? வெளிய வாடி!"

அது மேஸ்திரியின் குரல். கல் குவாரியில் முப்பது வருஷம் பாறை உடைத்த கை. பாறைக்கே அந்தக் கதி என்றால் பிளைவுட் கதவுக்கு என்ன மரியாதை இருக்கும்?

மூன்றாம் மாடி மருந்து அறை அது. பத்தடிக்கு எட்டடி. மருந்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள் அந்த நர்ஸ். உதடு கிழிந்திருந்தது. ஒரு பக்கம் தலைமுடி கொத்தாகப் பிடுங்கப்பட்டு, அந்த இடம் ரத்தம் கசிந்து மினுங்கியது. வெள்ளைக் கோட்டின் காலர் சிவப்பு. பட்டாசுவின் சித்தி மகள். அரைமணி நேரத்துக்கு முன்னால் போனில் அவள் சொன்னது ஒரே வரிதான்: "அண்ணா, என்னைக் கொல்லப் போறாங்க." அந்த வரியைக் கேட்டதிலிருந்து அவன் நான்கு சிக்னலைத் தாண்டி வந்திருந்தான். நான்கும் சிவப்பு. வந்ததும் கும்பலின் பிடியிலிருந்து அவளைப் பிடுங்கி உள்ளே தள்ளித் தாழிட்டிருந்தான்.

"ஊருக்கெல்லாம் நீ சிஸ்டர். எனக்கு மட்டும்தான் நிஜ சிஸ்டர். ஒண்ணும் ஆகாது" என்றான். சொல்லி முடிப்பதற்குள் விழுந்த அடியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பட்டாசு, கொஞ்சம் சத்தத்தைக் குறை. யோசிக்க முடியல."

"அக்கா, சத்தம் போடறது நானில்ல, கதவு!"

குளுக்கோஸ் பெட்டி மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. போலீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, மேலதிகாரி சொன்ன பக்கம் சாயாததால் வெளியே வந்தவள். அதனாலேயே தராசு என்று பெயர் நிலைத்துவிட்டது. பட்டாசு அவளிடம் ஐந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறான், அடி வாங்குகிறான், நடுநடுவே ஜோக் அடிக்கிறான். சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்தான்.

"மறுபடி சொல்லும்மா. காலையில என்ன நடந்தது?"

நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். "இந்த வார்டுல எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள் மேடம். ஆள் பத்தலைன்னு கீழ் மாடியிலேர்ந்து அனுப்பினாங்க. ஏழு மணிக்கு வந்தேன். எட்டு மணிக்கு மருந்து ரவுண்டு. ஏழாம் கட்டிலுக்கு இன்சுலின்னு மெஷின் காமிச்சது. போட்டேன். பதினொன்றரைக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக வந்தவங்க போர்வையை விலக்கினா, உடம்பு சில்லுனு இருக்கு. டாக்டர் விரல்ல குத்திப் பாத்தாரு. சுகர் அடிமட்டத்துல. அவருக்குச் சர்க்கரை வியாதியே இல்லையாம் மேடம்! குவாரி முதலாளி. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்காம ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டிருந்தவர். அவர் மகனும் குவாரி ஆளுங்களும்தான் என்னை அடிச்சாங்க."

"யார் கையில மருந்து போகுதுன்னு எப்படிப் பாப்பீங்க?"

"ஒவ்வொரு பேஷன்ட் கையிலயும் பட்டை கட்டியிருக்கும். அதுல பார்கோடு. மெஷினால அதை ஸ்கேன் பண்ணா, அவருக்கு என்ன மருந்து, எவ்வளவுன்னு வரும். ஆள் மாறினா மெஷின் கத்தும்."

"கத்துச்சா?"

"இல்ல."

"ஸ்கேன் பண்ணியா?"

"பண்ணேன் மேடம். கைப்பட்டையைத்தான் பண்ணேன்."

தராசு கையை நீட்டினாள். நர்ஸ் தயங்கித் தயங்கிக் கோட்டுப் பையிலிருந்து அந்த ஸ்கேனரை எடுத்துக் கொடுத்தாள். பெரிய கைபேசி மாதிரி இருந்தது. தராசு கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கதவில் இன்னொரு அடி. விரிசல் வழியாக வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

"எட்டு பத்துக்கு ஆரம்பிச்சிருக்கே. அஞ்சாம் கட்டில், ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஆறு பேர். மொத்தம் நாற்பது விநாடி." நிமிர்ந்தாள். "ஏம்மா, ஆறு கட்டிலுக்கும் நடந்து போனியா, பறந்து போனியா?"

நர்ஸின் முகம் செத்துப்போனது.

"போர்வையை விலக்கணும், கையைத் தேடணும், பட்டையைத் திருப்பணும், நீட்டணும். ஒரு ஆளுக்கே நாற்பது விநாடி பத்தாது. ஆறு பேர் கையும் ஒரே இடத்துல இருந்தாத்தான் இது நடக்கும். ஆறு பேர் கையையும் வெட்டித் தட்டுல வெச்சிருந்தாங்களா?"

"அக்கா, சின்னப் பொண்ணு, பயப்படுது..." என்றான் பட்டாசு.

"பயப்படட்டும். பொய் சொல்றதுக்குப் பயப்படட்டும்."

நர்ஸ் உடைந்து அழுதாள். "எல்லாரும் அப்படித்தான் மேடம் பண்றாங்க! ஒரு தாள் இருக்கு. ஒவ்வொரு பேஷன்டோட பார்கோடையும் இன்னொரு காப்பி எடுத்து, கட்டில் நம்பர் எழுதி, வரிசையா ஒட்டி, ட்ராலி மூடிக்குள்ள வெச்சிருப்பாங்க. அதையே டிக் டிக்னு ஸ்கேன் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது. நாற்பது பேருக்கு மூணு நர்ஸ் மேடம். காலையில வந்ததுமே இதைத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 'வேகமா முடிக்கணும்னா இதான் வழி'ன்னு."

"ரெண்டு நர்ஸ் பாத்துக் கையெழுத்து போடணுமே, இன்சுலினுக்கு?"

அலமாரியில் தொங்கிய நோட்டை நர்ஸ் கண்ணால் காட்டினாள். தராசு புரட்டினாள். சிரித்தும்விட்டாள்.

"பட்டாசு, மணி என்ன?"

"பன்னெண்டே முக்கால். கடைசி மூச்சுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம்."

"ரெண்டு மணி ஊசிக்கு ஹெட் சிஸ்டர் இப்பவே கையெழுத்து போட்டிருக்காங்க. நாலு மணி ஊசிக்கும்."

"ஜோசியக்கார சிஸ்டர் போல! எனக்கு எப்போ கல்யாணம்னு கேட்டுச் சொல்லுங்கக்கா."

"காலையில வந்ததும் மொத்தமாப் போட்டுருவாங்க" என்றாள் நர்ஸ், தரையைப் பார்த்து.

தராசு ஸ்கேனரை மறுபடி பார்த்தாள். அவள் புருவம் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. பட்டாசுவுக்கு அந்தப் புருவம் தெரியும். ஏதோ இடறுகிறது என்று அர்த்தம்.

"இதுல ஒண்ணு உதைக்குது. மெஷின் கணக்குப்படி இன்சுலின் போனது குவாரிக்காரருக்கு இல்ல. ரிட்டயர்டு வாத்தியார்னு விவரத்துல போட்டிருக்கற ஒருத்தருக்கு. வாத்தியார் சர்க்கரை நோயாளி. டோஸ் சரி, நேரம் சரி. எல்லாம் சரி, செத்த ஆள் மட்டும் தப்பு." ஸ்கேனரைப் பையில் போட்டாள். "அந்தத் தாள் வேணும். இப்போ எங்க?"

"ட்ராலியிலதான்" என்றாள் நர்ஸ். சட்டென்று. கொஞ்சம் அதிகமாகவே சட்டென்று.

பட்டாசு அதைக் கவனிக்கிற நிலைமையில் இல்லை. கதவின் மேல் கீல் பிய்ந்து தோளில் விழுந்திருந்தது.

இருவரும் சேர்ந்து மருந்து ஃப்ரிட்ஜைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். மருந்து அறைக்கும் வார்டுக்கும் நடுவில், மருந்து எடுத்துக் கொடுக்க ஒரு ஜன்னல் உண்டு. இரண்டடிக்கு இரண்டடி. தராசு பூனை மாதிரி அதில் நுழைந்து அந்தப் பக்கம் இறங்கினாள். பட்டாசு இடுப்போடு மாட்டிக்கொண்டான்.

"காலையில அந்த ரெண்டாவது தட்டு வேண்டாம்னு சொன்னேன்ல?" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் தராசு.

"நீ இங்கயே இரு. ஜன்னலைச் சாத்திக்கோ" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, சோற்று மூட்டை மாதிரி அவன் வார்டுக்குள் விழுந்தான்.

வார்டு போர்க்களமாகக் கிடந்தது. நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாம் ஓடிவிட்டார்கள். வாசலில் காவல்காரர் மண்டை உடைந்து கிடந்தார். மூச்சு மட்டும் குறட்டையாக வந்தது. பட்டாசு அவரைப் பக்கவாட்டில் திருப்பி, தலைக்குக் கீழே ஒரு தலையணை செருகினான். ஏழாம் கட்டிலில், ஜன்னல் ஓரம், தலைவரை வெள்ளைத் துணி மூடி ஒரு உடம்பு. ஒன்பதாம் கட்டிலில் மட்டும் காலில் கட்டோடு ஒரு மெலிந்த பெரியவர், ஊன்றுகோலை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மருந்து ட்ராலி கவிழ்ந்து கிடந்தது. அதன் மூடியைக் கீலோடு பிய்த்திருந்தார்கள். இழுப்பறை ஒவ்வொன்றையும் உருவித் தலைகீழாகக் கொட்டியிருந்தார்கள். தாள் இல்லை. மூடியின் உள்பக்கத்தில் நான்கு மூலையிலும் ஒட்டு டேப்பின் பிசுபிசுப்பு மட்டும் இருந்தது.

"பிரிண்டர் போச்சு. கம்ப்யூட்டர் போச்சு" என்று எண்ணினான் பட்டாசு. "பய பின்னிட்டான்."

"என்னென்ன போகலைன்னு சொல்லு."

பட்டாசு சுற்றிப் பார்த்தான். சுவரில் பெரிய டிவி முழுசாக இருந்தது. கண்ணாடி அலமாரியில் கீறல்கூட இல்லை. வாஷ்பேசின் கண்ணாடியில் அவன் மூஞ்சி தெரிந்தது. உடைக்கத் தகுந்த ஒரே பொருள் அதுதான் என்று அவனுக்கே தோன்றியது.

"துக்கத்துல இருக்கறவன் கையில சிக்கினதை உடைப்பான்" என்றாள் தராசு மெதுவாக. "கண்ணாடிதான் முதல்ல போகும். சத்தம் நல்லா வரும், மனசும் ஆறும். இவன் உடைக்கல. தேடறான்."

"யாரு, மேஸ்திரியா?"

"மேஸ்திரி கதவைத்தான் இடிக்கறான். வார்டுக்குள்ள வந்து இதைப் பண்ணது குவாரிக்காரர் மகன்."

ஒன்பதாம் கட்டில் பெரியவர் தொண்டையைச் செருமினார். "நீங்க போலீஸா?"

"முன்னாள்" என்றாள் தராசு.

"நானும் முன்னாள்தான். முன்னாள் கணக்கு வாத்தியார்."

தராசு நின்ற இடத்திலேயே திரும்பினாள். "வாத்தியாரா? ஐயா, இன்னிக்குக் காலையில உங்களுக்கு இன்சுலின் போட்டாங்களா?"

வாத்தியார் திருட்டு முழி முழித்தார். "போடல. மறந்துட்டாங்க போலன்னு நானும் வாயைத் திறக்கல. ஊசின்னாலே எனக்கு ஆகாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இருந்துட்டேன். இப்போ நாக்கு வறண்டு நாலு சொம்பு தண்ணி குடிச்சாச்சு."

"நேத்து எந்தக் கட்டில்ல இருந்தீங்க?"

"ஆறு நாளா ஏழுலதான். குவாரிக்காரர் இந்த ஒன்பதுல. இன்னிக்குக் காலையில ஏழரைக்கு அவர் மகன் வந்து கையைப் பிடிச்சுக் கெஞ்சினான். 'எங்கப்பாவுக்குக் காத்து வேணும், ஜன்னலோரம் விட்டுக்குடுங்க சார்'னு. ஹெட் சிஸ்டரும் சரின்னாங்க. பாசமா கேக்கறான், சரி போகட்டும்னு மாறிக்கிட்டேன்."

பட்டாசுவின் மண்டைக்குள் ஏதோ டமால் என்று வெடித்தது. "அக்கா! ஆள் மாறிட்டாங்க. கையில பட்டையும் கூடவே போயிடுச்சு. ஆனா தாள்..."

"தாள்ல ஏழுன்னு எழுதி வாத்தியாரோட பார்கோடு. அது அப்படியே இருக்கு. தங்கச்சி தாளை ஸ்கேன் பண்ணிட்டு ஏழாம் கட்டிலுக்குப் போய், போர்வைக்குள்ள இருந்த கையில குத்திட்டா. கையில கட்டியிருந்த பட்டையை ஒரு தடவை பாத்திருந்தா மெஷின் ஊரைக் கூட்டியிருக்கும்." தராசு ஏழாம் கட்டிலை நோக்கி நடந்தாள். "ஆறு நாளா கேக்காத ஜன்னல். மதியம் ஆபரேஷனுக்குப் போற ஆளுக்கு, காலையில எதுக்கு ஜன்னல்? பழைய நர்ஸுங்களுக்கு முகம் தெரியும். முகம் தெரியாத நர்ஸ் ஏழு மணிக்கு வர்றா. ஏழரைக்கு இவனுக்குக் காத்து வேணும்."

துணியை விலக்காமல், செத்தவரின் தலையணையை மட்டும் தொட்டாள். தொட்ட கையை மூக்கருகே கொண்டு போனாள். அவள் கேட்க வாயெடுத்த கேள்வி வாய்க்குள்ளேயே நின்றது.

ஏனென்றால் அப்போது வாசல் வழியாக ஹெட் சிஸ்டர் உள்ளே வந்தாள். நடந்து வரவில்லை. அவளுடைய கொண்டையைப் பிடித்துத் தரையோடு இழுத்து வந்தான் குவாரிக்காரர் மகன். முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. இன்னொரு கையில் கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோல். அதன் ஒரு முனை ஹெட் சிஸ்டரின் கழுத்துத் தோலில் அழுந்தி, அங்கிருந்து ஒரு சிவப்பு நூல் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"தாள் எங்க?" என்றான்.

"எந்தத் தாள் சார்?" என்றான் பட்டாசு. "நியூஸ் பேப்பரா? இன்னிக்கு எங்க வீட்டுக்கும் வரல."

மகன் கத்தரியைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால் ஒரு அறை விட்டான். பட்டாசுவின் புருவம் பிளந்து ஒரு கண் சிவப்பாகிவிட்டது. ஆள் எட்டாம் கட்டிலின் மேல் மல்லாந்து விழுந்தான்.

"எங்கப்பாவைக் கொன்னுட்டு ஆதாரத்தை மறைக்கறீங்க. தாளைக் குடு. இல்லன்னா இவ கழுத்து போகும்."

"என்கிட்ட இல்லப்பா, சத்தியமா இல்ல!" என்று அலறினாள் ஹெட் சிஸ்டர். "கிடைச்சிருந்தா நானே கிழிச்சிருப்பேன்!"

ஆக, அந்தத் தாளைக் கிழிக்க இரண்டு பேருக்கு ஆசை. ஒருத்திக்கு வேலை போய்விடும் என்ற பயம். ஒருவனுக்குத் தலை போய்விடும் என்ற பயம். ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பட்டாசு இதைத்தான் நினைத்தான். மூன்றாவதாக ஒருத்தி இருப்பாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"அவங்களை விடு. என்கிட்ட இருக்கு."

மருந்து ஜன்னல் திறந்திருந்தது. நர்ஸ் வார்டுக்குள் நின்றாள். வலது கையில், நான்காக மடித்துக் கசங்கிய ஒரு தாள்.

"டாக்டர் சுகர் பாத்தப்பவே நான்தான் உரிச்சு ஷூவுக்குள்ள வெச்சுக்கிட்டேன்" என்றாள், அண்ணனைப் பார்க்காமல். "இது கிடைச்சா எனக்குத் தூக்குன்னு நினைச்சேன்."

அட லூசே, அது உன்னைக் காப்பாற்றும் தாள் என்று கத்த பட்டாசு வாயைத் திறந்தான். அதற்குள் மகன் ஹெட் சிஸ்டரை உதறிவிட்டுப் பாய்ந்துவிட்டான்.

நர்ஸ் விழுந்தாள். விழுந்தும் தாளை விடவில்லை. அவன் பூட்ஸ் காலைத் தூக்கி அந்தக் கையின் மேல் வைத்தான். முழு எடையும் போட்டு மிதித்தான். விடவில்லை. இன்னொரு தடவை மிதித்தான். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தல் வார்டையே தாண்டிப் போனது. விரல் மட்டும் திறக்கவில்லை.

பட்டாசு எழுந்தது அவனுக்கே தெரியாது. கட்டிலுக்கு அடியில் கைக்கு அகப்பட்டது ஒரு எவர்சில்வர் பெட்பேன். கத்தரி அவன் முன்னங்கையை முழங்கை வரை கிழித்தது. கிழித்தால் கிழியட்டும்! பெட்பேன் காற்றில் ஒரு வட்டம் போட்டு மகனின் காதோடு சேர்த்து இறங்கியது. கோயில் மணி மாதிரி ஒரு நாதம். இரண்டாவது தடவை மூக்கில். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து அங்கேயே தங்கிவிட்டது.

"காலியாத்தான் இருந்தது. உனக்கு அதிர்ஷ்டம்டா" என்று மூச்சிரைத்தான் பட்டாசு.

மகன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு தரையில் கிடந்தபடியே கூவினான். "மேஸ்திரி! எல்லாரும் வாங்கடா! இங்க இருக்காங்க! ஒருத்தரையும் விடாதீங்க!"

கதவை இடிக்கும் சத்தம் நின்றது. காலடிகள். மேஸ்திரியும் மூன்று பேரும் வார்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரியின் கையில் வளைந்துபோன சலைன் கம்பி. கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன.

பட்டாசு தங்கையின் முன்னால் போய் நின்றான். பெட்பேனைக் கேடயமாகப் பிடித்தான். மனசுக்குள் இன்ஷூரன்ஸ் கட்டினோமா இல்லையா என்று ஒரு சின்ன யோசனை.

தராசு மட்டும் அவர்களைப் பார்க்கவே இல்லை. வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரய்யா, ஒரே ஒரு கேள்வி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, வாசல் வரைக்கும் கேக்கணும். இந்தத் தலையணை பிழிஞ்சா சொட்டற மாதிரி ஈரமா இருக்கு. ஏன்?"

"வேர்வைம்மா. மனுஷன் அப்படி வேர்த்தாரு. எட்டரை மணிக்கு ஆரம்பிச்சது. கை காலெல்லாம் நடுங்குச்சு. ஏதோ உளறினாரு."

"யாரும் நர்ஸைக் கூப்பிடலையா?"

"நான் கேட்டேனே! 'தம்பி, கூப்பிடட்டுமா'ன்னு ரெண்டு தடவை கேட்டேன். 'வேண்டாம் சார், அப்பா நல்லாத் தூங்கறாரு, எழுப்பாதீங்க'ன்னான். அந்தப் பொண்ணு ஒரு தடவை எட்டிப் பாத்துச்சு, அதையும் அப்படியே அனுப்பிட்டான். பக்கத்துலயே உக்காந்து, டவலால முகத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தான். மூணு மணி நேரம். டவல் நனைஞ்சா வேற டவல். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு நான் மனசுக்குள்ள..." வாத்தியார் பாதியில் நிறுத்தினார். அவர் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது. ஊன்றுகோல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

வாசலில் மேஸ்திரியின் கம்பி தாழ்ந்தது.

"இன்சுலின் தப்பாப் போனா உடம்பு அப்படித்தான் கத்தும்" என்றாள் தராசு. "வேர்த்துக் கத்தும், நடுங்கிக் கத்தும். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி, ஒரு குளுக்கோஸ் பாட்டில், பிழைச்சிருப்பார். மூணு மணி நேரம் அவர் உடம்பு உதவி கேட்டிருக்கு. இவன் துடைச்சுத் துடைச்சு அந்தச் சத்தத்தை அடக்கியிருக்கான். ஆறு நாளா இந்த வார்டுல உக்காந்து பாத்திருக்கான், நர்ஸுங்க கையைப் பாக்கறதில்ல, தாளைத்தான் பாக்கறாங்கன்னு. கட்டிலை மாத்தினது மட்டும்தான் இவன் வேலை. மத்ததெல்லாம் இவங்க வழக்கமே செஞ்சு குடுத்துடுச்சு."

"ஆபரேஷன் முடிஞ்சதும் குவாரியை மகள் பேருக்கு எழுதப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு" என்று முனகினார் வாத்தியார்.

மேஸ்திரி மெதுவாக உள்ளே வந்தார். மகனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தம்பி, ஐயா வேர்த்தாரா?"

மகன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன். ஐயா ஏதோ உளறினாராமே. என்ன சொன்னாரு?"

"தூங்கினாரு" என்றான் மகன். "தூங்கிட்டுதான் இருந்தாரு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த அழுகையை நம்பித்தான் மேஸ்திரி இத்தனை நேரமாக ஒரு சின்னப் பெண்ணைக் கொல்லக் கதவை இடித்திருக்கிறார். அவர் எழுந்தார். கம்பியை ஓங்கினார். மகனின் முழங்கால் சில்லு நொறுங்கியது. அவன் கத்தி முடிப்பதற்குள் இன்னொரு முழங்காலும். மூன்றாவது ஓங்கல் மண்டைக்கு. இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

தராசு நடுவில் பாய்ந்தாள். கம்பி அவள் தோளில் இறங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கம்பியை விடவில்லை.

"பட்டாசு! இவன் மேல படு!"

"இவன் மேலயா? இவனைக் காப்பாத்தவா நான் ரத்தம் சிந்தினேன்?"

"படுடா!"

பட்டாசு படுத்தான். ஜென்மத்தில் இதைவிடக் கேவலமான மெத்தை கிடையாது.

"மேஸ்திரி, கேளுங்க" என்றாள் தராசு பல்லைக் கடித்துக்கொண்டு. "இவன் இப்போ செத்தா விஷயம் முடிஞ்சுது. நர்ஸ் ஊசி மாத்திப் போட்டுக் கொன்னா, துக்கத்துல மகன் கலாட்டா பண்ணிச் செத்தான். அவ்வளவுதான் எழுதுவாங்க. உங்க ஐயாவைக் கொன்னது இந்தப் பொண்ணுன்னே காலத்துக்கும் இருக்கும். அது வேணுமா?"

மேஸ்திரி அப்படியே நின்றார். பிறகு கம்பியைத் தரையில் போட்டுவிட்டு, ஏழாம் கட்டிலின் கால்மாட்டில் போய்த் தலையை வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய முதுகு குலுங்குவதைப் பட்டாசு கிடந்த இடத்திலிருந்தே பார்த்தான்.

தராசு வரும்போதே கூப்பிட்டிருந்த போலீஸ் ஜீப், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. காவல்காரரையும் மகனையும் ஸ்ட்ரெச்சரில் கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் தாளைப் பிரித்துப் பார்த்தார், ஸ்கேனரைப் பார்த்தார், ஈரத் தலையணையையும் டவல்களையும் மூட்டை கட்டச் சொன்னார். நர்ஸின் வலது கையில் மாவுக்கட்டு போட ஆரம்பித்தார்கள். பட்டாசுவின் கையில் பதினாறு தையல்.

"வாக்குமூலம் எழுதித் தரணும்மா" என்று இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டுப் போனார்.

அவர் வெளியே போனதும் ஹெட் சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கினாள். கழுத்தில் பிளாஸ்டர். குரல் குசுகுசுவென்று வந்தது.

"கைப்பட்டையைத்தான் ஸ்கேன் பண்ணேன், மெஷின் கோளாறுன்னு எழுதிடு கண்ணு. நானும் கூட நின்னு பாத்தேன்னு எழுதறேன். உன் நர்ஸ் லைசென்ஸ் தப்பிக்கும், என் பென்ஷனும் தப்பிக்கும். அவன்தான் கெட்டவன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் என்ன?"

பட்டாசுவுக்கு அது ரொம்ப நியாயமாகவே பட்டது. தராசுவைப் பார்த்தான். எதற்கெடுத்தாலும் ஒரு பதில் வைத்திருக்கிற அக்கா, தோளில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அக்கா, ஏதாவது சொல்லுங்க."

"மெஷின் கோளாறுன்னா அவன் வக்கீல் அவனை ஒரே நாள்ல வெளிய கொண்டு வந்துருவான். கட்டிலை மாத்தினா குற்றமா? முகத்தைத் துடைச்சா குற்றமா? கையைப் பாக்காம தாளைப் பாத்தாங்கன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டாத்தான் அவன் போட்ட திட்டம்னு ஒண்ணு இருந்ததே தெரியும். இவ தப்பு இல்லாம அவன் குற்றம் நிக்காது." திரும்பாமலே சொன்னாள். "எழுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போகப் போறது என் வேலை இல்ல."

"கடனை உடனை வாங்கிப் படிக்க வெச்சாங்க சித்தி" என்றான் பட்டாசு தங்கையிடம். "வேலைக்குச் சேந்து எட்டு மாசம்தான் ஆகுது. கிறுக்குத்தனம் பண்ணாத."

நர்ஸ் ஏழாம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இப்போது காலி.

"ஒன்பதரைக்கு நான் எட்டிப் பாத்தேன்ணா. தூங்கறாருன்னான். சரின்னு வந்துட்டேன். போர்வையை விலக்கியிருந்தா கை தெரிஞ்சிருக்கும். காலையிலயும் விலக்கல. அப்பவும் விலக்கல." உதட்டுத் தையல் வலிக்க வலிக்கப் பேசினாள். "என்னால எழுத முடியாது. கை இப்படி இருக்கு. நீ எழுது. நான் சொல்றேன்."

"நானா?"

"நீதான். பேனாவை எடு."

எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"நான் நோயாளியின் கையைப் பார்க்கவில்லை. அதை முதல் வரியா எழுது."

ஹெட் சிஸ்டர் விசும்பிக்கொண்டே எழுந்து போனாள். தராசு இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேனா முனை தாளுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. 'நான்' என்று எழுதினான். நிறுத்தினான். தங்கை அவனைப் பார்த்தாள், அவன் மீதியையும் எழுதினான். ஒவ்வொரு எழுத்தாக, சித்தியின் முகத்தை நினைத்துக்கொண்டே. கடைசியில் ஒரு புள்ளி வைத்தான்.

கொலைகாரனுக்குக் கம்பி உறுதி. கூடவே தங்கச்சியின் வெள்ளைக் கோட்டும் போகும். ரெண்டையும் ஒரே வரியில் எழுதினது பட்டாசுவோட கை. இப்போ நீங்க சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க: அந்தப் பேனா உங்க கையில இருந்திருந்தா, அந்த வரியை எழுதியிருப்பீங்களா?